மைனாக்களின் பயணப் பேச்சு

அந்தக் காலத்தில் பறவைகளும் காற்றும் ஒரே மொழி பேசின. தூர தேசம் போக விரும்பும் பறவை காற்றுக்குக் கூலி கொடுக்க வேண்டும். கூலி என்றால் காசு அல்ல. இறகுக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பு. சமவெளியைக் கடக்கக் கொஞ்சம் போதும். மலையோ கடலோ குறுக்கே வந்தால், உடம்பில் உள்ளது முழுவதையும் காற்று வாங்கிக்கொள்ளும்.

கரிசல் காட்டில், ஒரு புளியமரப் பொந்தில் மஞ்சக்கண்ணி என்ற மைனா இருந்தது. சோளம் கதிர் பிடிக்கும் காலத்தில் வடதேசத்திலிருந்து ரோஜா நிறச் சோளக்குருவிகள் கூட்டமாக வரும். அவற்றில் பன்னீர் என்ற குருவி மஞ்சக்கண்ணியின் உயிர்த்தோழி. ஊர் திரும்பும் நேரம் வந்தால் பன்னீர் தவறாமல் கூப்பிடும்.

“இந்தத் தடவையாவது வாக்கா. நான் பிறந்த புல்வெளியை நீ பார்க்கணும். கற்குவியலுக்குள்ளதான் எங்க கூடு. பக்கத்துலயே உனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைக்கிறேன்.”

“உனக்கென்ன, போறதும் வர்றதும் பழகிப்போச்சு.”

“அங்கேயே கிடந்தா பனியில விறைச்சுச் செத்துப்போவோம் அக்கா. அதனால கூலி எவ்வளவுன்னு நாங்க கேட்கிறதே இல்லை. உங்களுக்கு இங்கேயே எல்லாம் கிடைக்குது. அதான் யோசிக்கிறீங்க.”

அந்த வருஷம் மஞ்சக்கண்ணி வாக்குக் கொடுத்துவிட்டது. வெட்டுக்கிளியும் சோளமுமாகத் தின்று உடம்பை ஏற்றியது. மதினி மைனா கேலி செய்தது.

“கழுகுமலைக்குப் போய்ட்டு வந்தாலே இவளுக்கு நாக்குத் தள்ளும். தேசம் தாண்டப் போறாளாம்! உடம்பைப் பாரு, மைனாவா கௌதாரியா?”

சித்திரை பிறந்தது. ஒரு சாயங்காலம் தென்காற்று புளியமரத்துக்கு வந்தது. எதிரே முள் நிறைந்த உடைமரங்களில் சோளக்குருவிகள் தயாராக இருந்தன.

“கூலி எவ்வளவு?” என்று கேட்டது மஞ்சக்கண்ணி.

“உன்னிடம் உள்ளது முழுவதும்.”

“கொஞ்சம் குறைக்கக் கூடாதா?”

“உனக்கு மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் மலை. அவற்றை நானா கொண்டுவந்து வைத்தேன்?” என்றது காற்று.

மரம் முழுக்கப் பேச்சு கிளம்பியது. “ஆடியில போனா மலிவா இருக்குமே!” “பொந்தை யாரு பார்த்துக்கிறது?” “கிளி புகுந்துடும்டி, விட்டுட்டுப் போகாதே!”

பொழுது சாய்ந்தது.

“அக்கா, வர்றியா?” என்று பன்னீர் கூப்பிட்டது.

மஞ்சக்கண்ணி குனிந்து, பாடுபட்டுச் சேர்த்த தன் நெஞ்சுக் கொழுப்பைப் பார்த்தது.

“காலையில சொல்றேன்” என்றது.

விடிந்தபோது காற்று இல்லை. உடைமரங்கள் காலியாக இருந்தன.

மறு வருஷம் சோளம் கதிர் பிடித்தது. கூட்டம் வந்தது, பன்னீர் வரவில்லை. இன்னும் ரோஜா நிறம் ஏறாத ஓர் இளங்குருவி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“நீங்கதானே மஞ்சக்கண்ணிப் பெரியம்மா? எங்க கூட்டுக்குப் பக்கத்துல ஒரு கல்லிடுக்கு இருந்தது. அம்மா அதுல யாரையும் உட்கார விடல. கடைசி வரைக்கும்.”

அன்று அந்தியில் மஞ்சக்கண்ணி எல்லா மைனாக்களையும் புளியமரத்துக்குக் கூப்பிட்டது. “இந்தத் தடவை போயே ஆகணும்” என்றது. உடனே எல்லாம் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. பேசிக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிட்டது.

அன்று முதல்தான் மைனாக்கள் பகலெல்லாம் எங்கெங்கோ மேய்ந்துவிட்டு, அந்தியில் ஒரே மரத்தில் கூடி அப்படிக் கூச்சலிடுகின்றன. எல்லாம் பயணப் பேச்சுதான். விடிந்ததும் ஒவ்வொன்றும் அதே பழைய வயலுக்கு இரை தேடிப் போய்விடுகிறது.