ஏய் என்று தொடங்கும் பாட்டு

“என் கவிதையைக் கேட்டவங்க எல்லாம் ‘பாவம்’னு சொல்லிட்டுப் போறாங்க, டீச்சர். நான் அதுக்கா எழுதினேன்?” என்று கேட்டாள் பச்சையம்மாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஓர் அரிசி ஆலையில் பதினாறு வருடம் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவள். மாலை வகுப்பில் அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த ஆரிஃபாவுக்கு அவள் மகள் வயதுதான்.

ஆரிஃபா தாளை வாங்கிப் படித்தாள். விலங்கு, சாட்டை, கண்ணீர்க் கடல், கூண்டுக்கிளி.

“அக்கா, ஆலையில சாட்டை இருந்துச்சா?”

“இல்ல.”

“கிளி?”

பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவிதை என்றால் அதெல்லாம் வேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

“அங்க உங்க காதுல அதிகமா விழுந்த வார்த்தை எது?”

அவள் யோசிக்கவே இல்லை.

“ஏய்.”

நெல் அவிக்க ஏய். களத்தில் காயவைக்க ஏய். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் ஏய். முதலாளி யாருடைய பெயரையும் கேட்டதில்லை. களத்தில் நெல்லைக் காலால் கிளறும்போது, உதடு அசையாமல் ஒருத்தி பெயரை இன்னொருத்தி சொல்லிப் பார்த்துக்கொள்வார்களாம். மறந்துவிடக் கூடாதே என்று.

ஆரிஃபா தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தை அவள் முன்னால் வைத்தாள்.

எழுதி முடிக்க மூன்று நாளானது.

ஞாயிற்றுக்கிழமை, மீட்கப்பட்டவர்கள் கூடிய கூட்டத்தில் பச்சையம்மாள் அதைப் படித்தாள். ஒவ்வொரு வரியும் ‘ஏய்’ என்று தொடங்கியது. நாலாவது வரியில் கூட்டம் நெளிந்தது. எட்டாவது வரியில், முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், போதும் என்று கை காட்டினார்.

அவள் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பன்னிரண்டு வரி அப்படியே போனது.

பதின்மூன்றாவது வரியில் ஏய் இல்லை; களத்தில் அவளோடு நெல் கிளறியவளின் பெயர் இருந்தது.

“ஏகவள்ளி, நெல்லு காஞ்சிடுச்சி. வா, போலாம்.”

தாளை மடித்துக்கொண்டு நின்றாள். யாரும் கை தட்டவில்லை.

கை காட்டிய பெரியவர் எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“என் பேரு கன்னியப்பன்” என்றார்.