பின்பக்கக் கிளிப்

லாரிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில் ரிப்பேர் வேலை ரொம்பச் சுலபம். "இடது பக்கம், மூணாவது நட்டு" என்று லாரியே சொல்லும், முறுக்க வேண்டியதுதான். லாரிகளுக்குள் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ஒரு லாரி வாக்குக் கொடுத்தால் எல்லா லாரியும் கொடுத்த மாதிரி.

நாமக்கல் பக்கம் செங்கோடன் என்று ஒருவர். சொந்த லாரி, சொந்த ரிப்பேர். பட்டறைக்கு விடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற ஆள். மனைவி பாவாயிதான் கிளீனர். லாரியின் பெயர் வெள்ளையன்.

ஒருநாள் இஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர்க் குழாயை மாற்றினார். குழாயின் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடிக்க ஆளுக்கொரு கிளிப். முன்பக்கக் கிளிப்பை நன்றாக முறுக்கினார். பின்பக்கக் கிளிப் இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே, ஒரு கை மட்டும் நுழைகிற சந்தில் இருந்தது. எட்டிப் பார்த்தார், தெரியவில்லை. கையை விட்டார், தோல் உரிந்தது. "அட, அது பாட்டுக்கு இருக்கும்" என்று பானட்டைச் சாத்திவிட்டார்.

"எல்லாம் முறுக்கியாச்சுங்களா?" என்று பாவாயி கேட்டாள்.

"ஆச்சு, ஆச்சு."

வெள்ளையனுக்குத் தெரியும். மனுஷன் தானாகவே சொல்லட்டும் என்று சும்மா இருந்தது.

மறுவாரம் இரண்டாயிரம் கோழிக்குஞ்சுகள் லோடு. பிறந்து ஒரு நாள்தான் ஆன குஞ்சுகள். தொப்பூர் மலையில் உச்சி வெயிலில் அந்தக் கிளிப் கழன்று, தண்ணீர் கொட்டி, வண்டி நின்றுவிட்டது. லாரி ஓடினால்தான் குஞ்சுகளுக்குக் காற்று. நின்றால் வெந்து சாகும்.

செங்கோடன் ஒரு கம்பியை எடுத்து, கிளிப்பைத் தேடிச் சந்துக்குள் குத்தினார். வெள்ளையன் அலறியது. "ஐயோ, அங்க இல்லீங்க! இன்னுங் கீழ!" அந்த அலறலில் குஞ்சுகள் மிரண்டு, மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

பாவாயி பின்னாலிருந்து ஓடிவந்தாள். "ஏனுங்க, இது கத்தக் கத்தக் குஞ்சுக மிதிபட்டுச் சாவுதுங்க!" அவள் கையில் ஏழு குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

"முதலாளி, போன வாரமே நீங்க இந்தக் கிளிப்ப..." என்று வெள்ளையன் ஆரம்பித்தது.

"வாய மூடு!" என்று கத்தினார் செங்கோடன்.

வெள்ளையன் குரலைத் தாழ்த்தியது. "சரிங்க. குஞ்சுகளுக்காக மூடிக்கறேன். வாக்கு. வேலை முடிஞ்சதும் நீங்க வாயால 'பேசு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அதன்பிறகு சத்தமே இல்லை; குஞ்சுகளும் அடங்கின. செங்கோடன் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டார். குட்டைத் திருப்புளியோடு கையைத் தோள்வரை விட்டார். பார்க்க இடமில்லை, சொல்ல ஆளில்லை. முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினார். சாக்கைத் தாண்டிச் சூடு ஏறியது. விரல் நுனி மெதுவாகத் தடவித் தடவிக் குழாயைக் கண்டது, கிளிப்பைக் கண்டது, மாட்டி முறுக்கியது. வெள்ளையன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவர் கைக்குத் தெரிந்தது.

இஞ்சின் கொஞ்சம் ஆறியதுமே தண்ணீர் ஊற்றினார்கள். வண்டி ஓடியது. மற்ற குஞ்சுகள் பிழைத்தன.

பண்ணையில் இறக்கி முடித்ததும் பாவாயி சொன்னாள்: "பாவமுங்க இது. பேசச் சொல்லுங்க. அந்தக் கிளிப் எப்படிக் கழண்டுச்சுன்னு அதையே கேப்போம்."

செங்கோடன் வாயைத் திறந்தார். அவள் முந்தானையில் அந்த ஏழு குஞ்சுகளும் இருந்தன. பேசு என்றால் வெள்ளையன் முதலில் எதைச் சொல்லும் என்று அவருக்குத் தெரியாதா?

"அசதியா இருக்கும். நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று பானட்டைத் தட்டிக் கொடுத்தார். அந்த நாளை வரவே இல்லை.

அன்று முதல்தான் லாரிகள் பேசுவதில்லை. கண்ணுக்கு எட்டாத நட்டுக்குக் கையை விடுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வதும் அன்று முதல்தான். கேட்டால், "பாக்கத்தான் எடமில்லையே" என்பார்கள். வேலை முடிந்ததும் பானட்டைத் தட்டியும் கொடுப்பார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்றுவரை எவரும் சொன்னதில்லை.