வெள்ளத்தாயி இழுத்த கைப்பிரேக்

ஏலத்தோட்ட முதலாளி சிங்கராயருக்குப் புது ஜீப் வாங்க ஆசை. சேற்றில் இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் லாக், கம்பெனியே போட்டுத் தருவது நல்லதா, வெளியே வாங்கி மாட்டுவது நல்லதா? ஜீப் கழுவும் வெள்ளத்தாயியைக் கேலிக்காகக் கேட்டார்.

"சொல்லும்மா, பெரிய மெக்கானிக்கு! தப்பாச் சொன்னா நாளையிலிருந்து வேலை கிடையாது."

"எந்த லாக்கும் இல்லாத பழைய வண்டியை முதல்ல ஏத்திக் காட்டட்டுமாய்யா?"

அந்த ஜீப் நேற்றிலிருந்து சேற்றில் புதைந்து கிடந்தது. அவள் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு பின்சக்கரம் வெறுமனே சுற்றியது, மற்றது அசையவில்லை. அவள் கைப்பிரேக்கை லேசாக இழுத்தாள். சுற்றிய சக்கரம் அடங்க, அதன் விசை மறுபக்கம் போய், அசையாத சக்கரம் மண்ணைப் பிடித்தது. வண்டி உறுமிக்கொண்டு மேலே வந்துவிட்டது! தோட்டமே வாய்பிளந்து நின்றது.

"கம்பெனி லாக்கே போதும்யா. வெளியிலிருந்து ஒண்ணு சேர்க்கணும்னா, என்னை டிரைவராச் சேர்த்துக்குங்க."

முதலாளி சாவியை நீட்டினார்.