துருக் காகிதம்

கடுக்காய்க் கஷாயம் காய்ச்சும் கம்பெனி ஒன்றில் பாட்டில் கழுவுகிறவள் செண்பகவல்லி. ஒருநாள் கடைக்காரர் ஒருத்தர், "கஷாயம் தண்ணியா இருக்கு!" என்று சண்டைக்கு வந்துவிட்டார். முதலாளி ஆவுடையப்பன் செண்பகவல்லியைக் காட்டினார்.

"இவ பாட்டிலை ஈரத்தோட வச்சிருப்பா. ஏய், இல்லேன்னு சொல்றதா இருந்தா இப்பவே நிரூபி. சத்து சோதிக்கிற மெஷினைத் தொடாதே. முடியலேன்னா வேலையை விட்டுப் போ."

முன்பே சந்தேகப்பட்டு முந்தானையில் முடிந்துவைத்திருந்த காகிதத் துண்டுகளை அவள் எடுத்தாள்.

"துரு ஆணி ஊறின வினிகர்ல நனைச்சுக் காயவச்சதுங்க. கடுக்காய் நறுக்கின கத்தி கறுக்குதே, அதே மாதிரி இதுவும் கறுக்கும். சத்துக்குத் தக்க கறுப்பு. உங்க கூஜாவுல பாக்கலாங்களா?"

தான் தினமும் குடிக்கத் தனியாக எடுத்துவைக்கும் கஷாயக் கூஜாவிலிருந்து முதலாளியே ஒரு சொட்டு விட்டார். காகிதம் கண்மையாய்க் கறுத்தது.

"பாத்தீரா நம்ம சரக்கை!" என்று மார்தட்டினார்.

கடைக்காரர் கொண்டுவந்த பாட்டில் கஷாயம் பட்ட காகிதம் வெறும் சாம்பல் நிறம். பாட்டிலில் ஊற்றுமுன் கஷாயம் நிறைந்திருக்கும் மாடி அண்டாவிலிருந்து எடுத்துவந்த சொட்டும் அதே சாம்பல்தான்.

"ஐயா, கீழே நான் பாட்டில் கழுவின தண்ணி மாடி அண்டாவுக்குள்ள எப்படிங்க ஏறுச்சு?"

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இனி இந்தம்மா காகிதம் கறுத்தாத்தான் சரக்கு எடுப்பேன்," என்றார்.

அன்றிலிருந்து அண்டாவுக்குக் காவல் செண்பகவல்லிதான். தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏற முதலாளிக்கே அனுமதி இல்லை.