உயரத்தில் ஒரு புள்ளி

"அவ கோடு மட்டும் எப்படி மேடம் அந்தப் புள்ளியைத் தொடுது?" என்றான் தவசி.

பேராசிரியர் ருக்கையா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மழை பெய்தால் வயலிலிருந்து எவ்வளவு யூரியா கரைந்து ஏரிக்குப் போகும் என்று கணினியில் கணக்கிடும் மாடல் ஒன்றைத் தவசி செய்திருந்தான். ஜெசிந்தாவும் ஒன்று செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த மழைக்குப் பிறகு ஏரித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று பத்து ஊருக்கு அதுதான் சொல்லும்.

வாய்க்காலில் அளந்ததெல்லாம் திரையில் புள்ளிகள். மாடல் சொல்வது கோடு.

ஐப்பசியில் வெறும் தூறல் விழுந்த ஒரு நாளின் புள்ளி மட்டும் தனியே உயரத்தில் நின்றது. ஜெசிந்தாவின் கோடு தாவிப் போய் அதைத் தொட்டது. தவசியின் கோடு கீழேயே போனது.

"எனக்கு ரெண்டு வருஷம் பின்னாடி சேர்ந்தவ. எல்லாரும் அவ கோட்டைத்தான் பார்க்கிறாங்க. எனக்குச் சோறு இறங்கல மேடம்."

"அந்த வாய்க்காலைப் பார்த்திருக்கியா?"

"படத்துல."

"போய்ப் பார்த்துட்டு வா."

அவன் போகவில்லை. அறையைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தான். தூறலுக்கே யூரியா கரைந்தோடும்படி ஓர் எண்ணை ஏற்றினான். இன்னும் கொஞ்சம் ஏற்றினான். கோடு எழும்பிப் புள்ளியைத் தொட்டது.

அதன் பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. மேடம் கேட்பாரே என்று வியாழக்கிழமை பஸ் ஏறினான்.

மடை திறந்துவிடும் பெரியகருப்பன் அந்தப் புள்ளியின் தேதியைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அன்னிக்கா தம்பி? ஆண்டிச்சாமி டிராக்டர் தூத்தல்ல வழுக்கி இந்த வாய்க்கால்லதான் கவுந்துச்சு. இருபது மூட்டை யூரியா! ஒரு மாசம் கரையோரப் புல்லு எங்க நெல்லைவிடக் கருகருன்னு நின்னுச்சு. மாடுகளுக்குத்தான் யோகம்."

தவசிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"மேடம், அவ மாடல் தப்பு! அது மழையில கரைஞ்ச யூரியாவே இல்ல. டிராக்டர் கவுந்தது. எந்த மாடலும் அந்தப் புள்ளியைத் தொடக் கூடாது. தூறல் போட்டாலே ஏரி கெட்டுப்போச்சுன்னு அவ மாடல் பத்து ஊரையும் அலற வைக்கும்!"

ருக்கையா பேனாவை மூடி வைத்தார்.

"உன்னுதைத் திற."

திறந்தான். கோடு உயர எழும்பிப் புள்ளியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இது யாரோட கோடு, தவசி?"