படுக்கவே படுக்காத பட்டத்துக் குதிரை

முன்னொரு காலத்தில், அந்தக் காலத்துக்கும் கொஞ்சம் முன்னால், மேகங்கள் மலைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போன நாளில், ஏழுபனை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. கேட்கிறவர்கள் சாய்ந்துகொண்டே கேளுங்கள். கால் கடுக்க நின்று கேட்டால் எனக்குப் பாவம் வந்து சேரும். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம். ராஜா ஏறுகிற பட்டத்துக் குதிரை படுக்கக் கூடாது. அது படுத்தால் சிங்காசனம் சாய்ந்துவிடுமாம். சாய்ந்ததைப் பார்த்தவர் யாராவது உண்டா என்றால் கிடையாது. எந்தக் காலத்திலோ எந்த ராஜாவோ சண்டையில் தோற்றுவிட்டுப் பழியைக் குதிரைமேல் போட்டிருப்பார் என்பது என் எண்ணம். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். அதனால் பட்டம் கட்டும் நாளில் மந்திரவாதி வந்து, குதிரையின் முன்னங்காலில் ஒரு செப்புக் காப்பு மாட்டுவான். காப்பு காலில் இருக்கும்வரை நடக்கலாம், ஓடலாம், படுக்க மட்டும் கால் மடங்காது. குதிரை நின்றபடி தின்னும், நின்றபடி தூங்கும், நின்றபடி கனாக்காணும்.

மற்றக் குதிரைகளுக்கு இது பெரிய துன்பமாக இல்லை. நாலைந்து வருஷம் நிற்கும், பட்டம் வேறு குதிரைக்குப் போகும், காப்பைக் கழற்றியதும் புல்லில் விழுந்து புரளும். தும்பைக்குத்தான் அப்படி நடக்கவில்லை. தும்பை ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை. ராஜா மாறவேள் இளவயதில் வெள்ளத்தில் அகப்பட்டபோது, கழுத்தளவுத் தண்ணீரில் அவரைச் சுமந்து கரைசேர்த்தது அதுதான். கரையேறிய ராஜா ஈரத்தோடு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ இருக்கிறவரைக்கும் வேறு குதிரைக்குப் பட்டம் இல்லை" என்று சத்தியம் செய்தார். ஆசையாகத்தான் செய்தார். அந்த ஆசையால் தும்பை இருபது வருஷம் நின்றது.

தும்பையை வளர்த்தவள் அங்காயி. குட்டியாய் இருக்கும்போதே கொள்ளு ஊறவைத்து ஊட்டினவள். கட்டினவன் போருக்குப் போய்த் திரும்பவில்லை, பிள்ளை இல்லை. லாயமே வீடு, தும்பையே உறவு.

வயசானால் முட்டி சும்மா இருக்குமா? தும்பையின் முட்டிகள் வீங்கின. காலையில் ஓர் அடி எடுத்துவைக்க அரைநாழிகை ஆகும். அங்காயி நொச்சி இலை வதக்கிக் கட்டினாள், தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள், வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். வலி மிஞ்சிப்போகும்போது, தும்பையின் நெஞ்சுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுப்பாள். பாரம் கொஞ்சமாவது குறையட்டும் என்று. அப்படிக் கொடுத்துக் கொடுத்து அவளுடைய வலது தோள் ஒரு பக்கமாய் இறங்கிப்போயிருந்தது.

முட்டி வீங்கிய முதல் வருஷம், தும்பையின் கால்கள் நடுங்கத் தொடங்கியபோது, அங்காயி பயந்துபோய் மலைமேல் இருந்த மந்திரவாதி விடங்கனிடம் ஓடினாள்.

"சாமி, எம்புள்ள விழுந்துருமோன்னு பயமா இருக்கு. இன்னும் ஒரு வருசம் நிக்கிற மாதிரி பண்ணுங்க."

விடங்கன் மறுபேச்சுப் பேசவில்லை. லாயத்துக்கு வந்து, காப்பின்மேல் மந்திரக் கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டான். நடுக்கம் நின்றது. வலி நிற்கவில்லை. அங்காயி அதை யோசிக்கவில்லை. ஏழுபனைக்காரர்களுக்கு நிற்கிற குதிரை நல்ல குதிரை, அவ்வளவுதான் தெரியும்.

இரண்டாம் வருஷம் மறுபடி நடுக்கம். மறுபடி ஓடினாள். "இன்னும் ஒரு வருசம், சாமி." விடங்கன் இரண்டாம் முடிச்சுப் போட்டான். அதற்குப் பிறகு தும்பை கனைப்பதை விட்டுவிட்டது.

மூன்றாம் வருஷம் அங்காயி ஓடவில்லை. ஓட உடம்பில் தெம்பில்லை. மெல்ல ஏறினாள், பாதி மலையில் உட்கார்ந்தாள், மறுபடி ஏறினாள். முந்தின வாரம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கையில், 'இது போய்ச் சேர்ந்துட்டாத் தேவலை' என்று அவள் மனசுக்குள் ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் தன் கன்னத்தில் தானே ரெண்டு போட்டுக்கொண்டாள். ஆனால் நினைப்பு போகவில்லை. அவ்வளவு அலுத்திருந்தாள், பாவம்.

"வந்துட்டியா?" என்றான் விடங்கன். அவனும் கிழவனாகியிருந்தான். மந்திரவாதி என்றால் மூட்டு வலிக்காதா என்ன? "மூணாவது முடிச்சு போட்டா என்ன ஆகும் தெரியுமா? குதிரை கல்லாயிடும். வலி இருக்காது. கோட்டை வாசல்ல நிக்கும். ராஜா மாலை போடலாம். நீயும் தெனம் போய்த் தொட்டுப் பாக்கலாம்."

அங்காயிக்கு ஆசை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நிஜமாகவே ஆசை வந்தது. கொள்ளு ஊறவைக்க வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், பிரியவும் வேண்டாம்.

"இல்லேன்னா, சாமி?"

"இல்லேன்னா காப்பைக் கழட்டு. சோறு ஊட்டின கைதான் கழட்டணும். கழட்டும்போது ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

விடங்கன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னான். அங்காயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அது 'போதும்' என்கிற வார்த்தை. சிரிக்காதீர்கள். ஏழுபனை அரண்மனையில் அந்த வார்த்தையை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் ராஜாவின் செல்வமும் ஆயுசும் அத்தோடு நின்றுபோகும் என்று நம்பினார்கள். சாப்பிடும்போது வயிறு நிறைந்தால் இலையைக் கையால் மறிப்பார்கள். பரிமாறுகிறவன் கவனிக்காவிட்டால் தின்றே தீரவேண்டும். இந்த வழக்கத்தால் இரண்டு மந்திரிகள் வயிறு வெடித்துச் செத்திருக்கிறார்கள், மூன்றாமவர் இழுத்துக்கொண்டிருந்தார். மந்திரவாதிகள் பொல்லாதவர்கள், யாரும் திறக்காத பூட்டுக்குச் சாவியாக அந்த வார்த்தையை வைத்துவிட்டார்கள். பட்டம் மாறும்போது மட்டும் மந்திரவாதி மலைமேலிருந்து மேளதாளத்தோடு வருவான். ஊட்டினவன் அவன் காதோடு காதாகச் சொல்லிக் கழற்றுவான், மேளத்தில் அது யாருக்கும் கேட்காது.

"கழட்டினா எம்புள்ள படுக்கும். படுத்தா எந்திரிக்குமா?"

"எனக்குத் தெரியாதும்மா. அதுகிட்டயே கேளு." விடங்கன் ஒரு வெல்லக்கட்டியை எடுத்து ஊதிக் கொடுத்தான். "இதைத் தின்னா மூணு பேச்சுப் பேசும். அதுக்குமேல பேசாது."

அங்காயி வெல்லத்தை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். வழியெல்லாம் அந்தக் கட்டி கனத்தது. வாயில்லா ஜீவன் வாயைத் திறந்து சொல்லாதா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! இப்போது அது சொல்லிவிடுமோ என்று பயந்தாள். 'உன்னோடு இருக்கணும்' என்று சொன்னால் நன்றாயிருக்கும். அப்படியே சொல்லிவிட்டால் ஒத்தடச் சட்டியை மறுபடி அடுப்பில் வைக்க வேண்டும், அதற்கு அவளிடம் தெம்பு இருக்கிறதா? ஒரு நாள் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது தும்பையின் கால்கள் நடுங்கின. இரண்டு முடிச்சையும் மீறி நடுங்கின. கொடுத்துவிட்டாள்.

தும்பை மென்று தின்றது. உதட்டை நக்கிக்கொண்டது.

"தாயி," என்றாள் அங்காயி, "உனக்கு என்ன வேணும்?"

"படுக்கணும்," என்றது தும்பை.

மாயம், மர்மம், சாபக்கதை ஒன்றும் சொல்லவில்லை. படுக்கணும். அவ்வளவுதான்.

"படுத்தா திரும்ப எந்திரிக்க மாட்டியோ என்னமோ, தாயி."

"தெரியும்," என்றது தும்பை.

இன்னும் ஒரு பேச்சுதான் பாக்கி. என்ன கேட்பது என்று அவள் திகைத்து நிற்க, தும்பையே கேட்டது.

"நீ பக்கத்துல உக்காந்திருப்பியா?"

அப்புறம் அது பேசவில்லை. அங்காயி அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். மூன்று வருஷமாக யாருக்காக மலையேறினோம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தும்பைக்காக ஏறியிருந்தால் முதல் வருஷமே இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து ராஜா மாறவேள், தும்பைக்கு வழக்கமாய்ப் போடுகிற மாலையோடு வந்தார். கூடவே மந்திரி, கொட்டுக்காரர்கள், குடைபிடிப்பவன். அவளுடைய அழுகையைப் பார்த்து ராஜா பதறினார்.

"என்ன அங்காயி? தும்பைக்கு என்ன?"

"மகாராசா, எம்புள்ளைக்குப் படுக்கணுமாம். காப்பைக் கழட்டப் போறேன்."

கொட்டு நின்றது. மந்திரி முன்னால் வந்தார். "உன் தலை போகும், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

ராஜா கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "அங்காயி, அவ என் உயிரைச் சுமந்தவ. எனக்காக இன்னும் ஒரு வருஷம் பார்ப்போமே."

அங்காயி நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாயில் மூன்று வருஷம் இருந்த பேச்சு, ராஜாவின் வாயிலிருந்து வருகிறது. அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பரிதாபமாக இருந்தது.

"மகாராசா, நானும் அதைத்தான் கேட்டேன். ஒவ்வொரு வருசமும் எனக்குக் கிடைச்சுது. வலிச்சது அதுக்கு. உங்களைச் சுமந்து கரைசேத்துச்சு. இப்ப நாம அதை எறக்கிவிட வேண்டாமா?"

ராஜா கையிலிருந்த மாலையைத் தாழ்த்திக்கொண்டார். மந்திரிக்குத்தான் வாய் துடித்தது. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. குனிந்தாள், கோணல் தோளைத் தும்பையின் நெஞ்சுக்குக் கொடுத்தாள், காப்பைப் பிடித்தாள், ஊர் கேட்கச் சொன்னாள்:

"போதும்!"

கொட்டுக்காரர்கள் காதைப் பொத்தினார்கள். குடைபிடிப்பவன் குடைக்குள் ஒளிந்தான். மந்திரி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதல் முடிச்சு அவிழ்ந்தது, இரண்டாம் முடிச்சு அவிழ்ந்தது, காப்பு இரண்டாகப் பிளந்து வைக்கோலில் விழுந்தது. தும்பையின் முன்னங்கால்கள் மடங்கின. இருபது வருஷம் மடங்காத கால்கள். பின்னங்கால்கள் மடங்கின. அங்காயியின் தோளில் சாய்ந்து, சரிந்து, மெதுவாகப் படுத்து, ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு அவ்வளவு நீளம். லாயத்துப் பதர் எல்லாம் பறந்தது.

மந்திரி சபா மண்டபத்துக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தார்.

"சிங்காசனம்?" என்று கேட்டார் ராஜா.

"அப்படியே இருக்குது, மகாராஜா. காலடியில ஒரு பூனை தூங்குது."

ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வைக்கோலில் உட்கார்ந்தார். தும்பையின் முட்டியை முதல்முறையாகத் தொட்டுப் பார்த்தார். மாலைபோட வந்தாரே ஒழிய ஒருநாளும் குனிந்து கால்பக்கம் பார்த்ததில்லை. தொட்டதும் அழுதார்.

"இனி எந்திரிப்பாளா?"

"தெரியலீங்க. எந்திரிச்சா பாத்துக்குவேன். எந்திரிக்கலேன்னா நான் எழுப்பமாட்டேன்."

தும்பை மூன்று பகல் படுத்திருந்தது. அங்காயி நகரவில்லை. நான்காம் நாள் காலை, யாரும் தொடாமல், தள்ளாடி எழுந்து, வாளியில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்து, ஒரு கனைப்பு கனைத்தது. நொண்டிக்கொண்டே வெளியே போய், ஆற்று மணலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து மறுபடி படுத்துக்கொண்டது. அப்படியே ஒரு மழைக்காலம் இருந்தது, ஒரு பனிக்காலம் இருந்தது. மாமரம் பூத்த ஒரு மத்தியானம், அங்காயியின் மடியில் தலையை வைத்தபடி மூச்சை விட்டுவிட்டது. அங்காயி எழுப்பவில்லை. ஊர் கூடும்வரை அதன் நெற்றிமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள்.

ராஜா அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஊர் வேண்டுமா, பொன் வேண்டுமா, புதுக்குட்டி வேண்டுமா என்று மூன்றுமுறை கேட்டார்.

"தூங்கணும், மகாராசா," என்றாள்.

ராஜா தம் கையாலேயே பாய் விரித்தார். வாசலில் கொட்டுக்காரர்களை நிறுத்தி, யாரும் கொட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அங்காயி படுத்தாள். கோணல் தோள் தரையில் பட்டதும் தூங்கிவிட்டாள். மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினாள், யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

கதை முடிந்தது. எனக்கும் அசதியாக இருக்கிறது. எழுந்து போகிறவர்கள் சத்தமில்லாமல் போங்கள்.