சண்முகவடிவுக்கு வந்த நல்ல செய்தி

பெண்கள் வார்டின் தலைமை மருத்துவர் ஜமீலா. அவரிடம் அறுவைச் சிகிச்சை பழக வந்தவள் டாக்டர் பெனிட்டா.

ஒருநாள் கடையநல்லூரிலிருந்து சண்முகவடிவு என்ற பெண் வந்தாள். அடிவயிற்றில் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். ஸ்கேன் படத்தில் கர்ப்பப்பையை ஒட்டி ஒரு பெரிய கட்டி, குடல்வரை படர்ந்து தெரிந்தது.

"கேன்சராம்மா?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

"ஆமாம்மா. பரவியிருக்கு" என்றாள் பெனிட்டா.

பிறகு படத்தை ஜமீலாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பு."

"படத்திலேயே தெரியுதே மேடம்."

"அனுப்பு."

சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சண்முகவடிவு ஊருக்குப் போனாள்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. அபூர்வமான ஒரு கிருமி. எப்போதோ வைத்து, எடுக்க மறந்துபோன காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தில் தொற்றி, இடுப்புக்குள் கட்டியாக இறுகியிருந்தது. காப்பர்-டியை எடுத்துவிட்டுச் சில மாதம் பென்சிலின் கொடுத்தால் போதும். பெனிட்டாவோ கர்ப்பப்பையையே எடுக்க நாள் குறித்து வைத்திருந்தாள்.

சண்முகவடிவு திரும்பி வந்ததும் பெனிட்டா வராந்தாவுக்கே ஓடிப்போய்ச் சொன்னாள். "உங்களுக்குக் கேன்சர் இல்லம்மா! மருந்திலேயே சரியாயிடும்."

சண்முகவடிவு சிரிக்கவில்லை. திரும்பி, கூட வந்திருந்த மகளைப் பார்த்தாள். காலேஜில் படிக்கும் பெண். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"நான் போறதுக்குள்ள கண்ணால பாத்திரணும்னு, படிப்ப நிப்பாட்டி, அழ அழக் கட்டி வச்சிட்டனே தாயி..." என்றாள் சண்முகவடிவு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் பெனிட்டாவிடம் கேட்டாள்: "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையா? அப்ப நான் எதுக்கு..."

கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

பெனிட்டா ஜமீலாவின் அறைக்குள் வந்து நின்றாள். நடந்ததைச் சொன்னாள்.

ஜமீலா கேட்டார்: "அன்னைக்குப் படத்தில் என்ன பார்த்தே?"

"ஒரு கட்டி."

"அவகிட்ட என்ன சொன்னே?"

"கேன்சர்னு" என்றாள் பெனிட்டா. "அம்மாவுக்கு மருந்து இருக்கு மேடம். அந்தப் பொண்ணுக்கு நான் என்ன செய்ய?"

"அவளைக் கேளு" என்றார் ஜமீலா. "அவ சொல்லி முடிக்கிறவரைக்கும் நீ எதுவும் பேசாதே."